நானூற்றுப் பதினேழாவது பரிசு

வீட்டில் என்னைக் கூப்பிடுவது பதட்டம் என்று. வயது இருபத்தாறு. இப்போது இருப்பது ஆவணக் காப்பகத்தின் இரண்டாம் மாடி, படிப்பறை, ஜன்னலோரம் நான்காம் நம்பர் மேஜை. சாப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இடது கைக் கட்டைவிரல் மட்டும் முழுக்க நீலமாக இருக்கிறது. அது காயம் இல்லை, அம்மா பயப்பட வேண்டாம். அது ஏன் நீலமானது என்பதுதான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் நிலைமை இப்படி இருந்தது. மாலை நான்கு மணியோடு நான் இங்கே தங்குவதற்கான அனுமதி முடிகிறது. முடிந்தால் பாதிப்பு எனக்கு மட்டும் இல்லை. தங்கைக்கு இங்கே இரண்டு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வீட்டு ஆள் ஒருவர் ஒரு முகவரியோடு இங்கே இருந்தால்தான் அவளை உள்ளே விடுவார்கள். அந்த முகவரி நான்.

அனுமதியை நீட்டிக்க ஒரே இடம் காப்பகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் வம்சாவளிப் பிரிவு. அங்கே விதி எளிது. அந்தக் காலத்தில் இந்த அரசாங்கம் யாரையாவது கைதியாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தால், அவருடைய வாரிசு இங்கே தங்கலாம். தானாக வந்தவருடைய வாரிசு தானாகப் போய்விடலாம்.

"நியாயம்தானே," என்றார் லக்கேஜ் மேடம். "இழுத்துட்டு வந்தவங்களப் போன்னு எந்த வாயால சொல்றது?"

லக்கேஜ் மேடம் என் முதலாளி. ரயில் நிலையத்தில் தொலைந்த பெட்டிகள் கவுன்ட்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தொலைந்த மூதாதையர்களைக் கண்டுபிடித்துத் தருகிறார். எட்டு மாதமாக நான் அவருக்கு உதவியாளன்.

"தொலைஞ்ச பெட்டியும் தொலைஞ்ச தாத்தாவும் ஒண்ணுதான் பதட்டம்," என்பார். "சொந்தக்காரங்க வந்து நிறத்தத் தப்பா சொல்லுவாங்க. நல்ல பெட்டின்னு சத்தியம் பண்ணுவாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு மட்டும் வாயத் திறக்க மாட்டாங்க."

இந்தத் தடவை பெட்டி என்னுடையது. கைபேசியில் படத்தைக் காட்டினேன். நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் வட்டத் தகடு. மேலே ஓட்டை, நடுவில் 417.

"என்ன இது?"

"பதக்கம் மேடம். எங்க கப்பல் தாத்தா வாங்கினது. எங்க பாட்டனுக்குப் பாட்டன். அரசாங்க விருந்தாளியா இந்த ஊருக்கு வந்தவரு. கப்பல், தங்க இடம், ரெண்டு வேளைச் சாப்பாடு, போட்டுக்கத் துணி, எல்லாம் அரசாங்கமே குடுத்துச்சாம்."

"வாசல்ல காவலுக்கும் ஆள் போட்டிருப்பாங்களே?"

"ஆமா! ராத்திரி பகல் பாக்காம நிப்பாங்களாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "நானூத்திப் பதினேழுன்னா என்ன?"

"பரிசு மேடம். நானூத்திப் பதினேழாவது பரிசு."

"அத்தனை பரிசு குடுப்பாங்களா?"

"அந்தக் காலத்துல மனசு தாராளம்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. எட்டு மாதத்தில் அடுத்தவர் தாத்தாக்களில் இருபத்தெட்டுத் திருடர்களைக் கண்டுபிடித்தவன் நான். சொந்தத் தாத்தா என்றதும் மூளை லீவு போட்டுவிட்டது.

"மேடம். விருந்தாளி இல்லையா?"

"விருந்தாளிதான். வெளிய போக விடாத விருந்து. உங்க பெரியப்பாவக் கேளு."

கேட்டேன்.

"பெரியப்பா, நம்ம கப்பல் தாத்தா ஏதாவது திருடினாரா?"

"எவன்டா சொன்னான்? நம்ம வம்சத்துல அடுத்த வீட்டுத் துடைப்பத்தக்கூட எவனும் தொட்டதில்ல! போன வெய்யி!"

"திருடியிருந்தாத்தான் பெரியப்பா நான் இங்க இருக்க முடியும். தங்கச்சியும் வர முடியும்."

மறுமுனையில் கதவைச் சாத்துகிற ஒலி கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எவ்வளவு திருடியிருக்கணும்?"

சித்தி போனைப் பிடுங்கினார். "தம்பி, கொலை கிலை பண்ணியிருந்தா இன்னும் நல்லதா?"

*

படிப்பறையில் ஆறு மேஜைகள். ஆறும் பழைய சிறை அலுவலகத்திலிருந்து வந்தவை. காப்பகம் கட்டும்போது புதிதாக வாங்குவானேன் என்று தூக்கி வந்துவிட்டார்களாம். நான் நான்காம் நம்பரைத் தவிர வேறெதிலும் உட்கார்வதில்லை. மற்ற ஐந்தும் ஆடும். ஆடுகிற மேஜை நம் குடும்பத்துக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். பெரியப்பா ஹோட்டலுக்குப் போனால் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் குனிந்து மேஜைக் காலைத்தான் பார்ப்பார்.

படிப்பறையை ஆள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் கையுறை. வெள்ளைக் கையுறையைக் கழற்றாமலே தும்முவார். ரகசியக் குரலில்தான் பேசுவார். ஆனால் அந்த ரகசியம் மாடிப்படி வரை கேட்கும். அவர் தலைக்கு மேலே பலகையில் விதிகள்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பதிவேடு. பென்சில் மட்டும். ஆவணத்தின் மேல் முழங்கை, புத்தகம், குடை என எந்தக் கனத்தையும் வைக்கக் கூடாது.

"ரெண்டு பேரு வந்திருக்கோம். மொத்தம் ரெண்டு பதிவேடு," என்றார் மேடம். "முதல்ல இவன் கணக்குல வருகைப் பதிவேடு குடுங்க."

"பேரு?"

"பேரு வேணாம். நம்பர் இருக்கு."

கையுறையின் முகம் மலர்ந்தது. பெயர் சொல்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. சிறையில் யாருக்கும் பெயர் எழுதி வைக்கவில்லை. எண்ணும் தொழிலும் குற்றமும்தான்.

பதிவேடு வந்தது. மேடம் பக்கத்தைப் புரட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"படிங்க மேடம். மெதுவா படிங்க. நல்லவரா இருந்தா சொல்லாதீங்க."

மேடம் படித்தார்.

எண் 417. தொழில்: தச்சர். குற்றம்: நீதிபதியின் நாற்காலியைத் திருடியது. குறிப்பு: அப்போது விசாரணை நடந்துகொண்டிருந்தது. குற்றவாளி வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர். வாக்குமூலம்: "ஆடியது." தண்டனை: ஏழு வருடம் கடல் கடந்த சிறை.

"வாக்குமூலம் அவ்வளவுதானா?"

"ஒத்த வார்த்தை. ஆடியது."

"நீதிபதி அதுல உக்காந்திருந்தாரா மேடம்?"

"தண்ணி குடிக்க எந்திரிச்சிருப்பாரு. வந்து பாத்தா நாற்காலி இல்ல."

நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். "திருடன்! எங்க தாத்தா திருடன்!"

இரண்டாம் மேஜையில் ஒரு பெரியவர் மூன்று வாரமாகத் தேடி, எட்டுத் தலைமுறையும் யோக்கியர்கள் என்று கண்டுபிடித்து நொந்துபோயிருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் பொறாமை வழிந்தது.

"மெதுவாக," என்று கையுறை கட்டடம் அதிர ரகசியம் பேசினார்.

*

கீழ்த்தளத்தில் மூன்றாம் ஜன்னல். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்மணியை எல்லாரும் மூன்றாம் ஜன்னல் என்றே சொல்வார்கள். வலது கையில் முத்திரை, இடது கையில் பேனா மூடி. யோசிக்கும்போது மூடியைக் கடிப்பார். மூடி பாதிதான் மிச்சம்.

"அக்கா, கைதி கிடைச்சுட்டாரு!"

"அக்கான்னா விதி மாறாது." நான் நீட்டிய பதிவேட்டு நகலைப் பார்த்தார். "வந்தது சரி. போனது எங்க?"

"போனதா?"

"விடுதலைப் பதிவு. தண்டனைய முடிச்சவரா, ஓடிப்போனவரா? முடிச்சவரோட வாரிசு தங்கலாம். ஓடிப்போனவரோட வாரிசும் ஓடிப்போனவர்னுதான் கணக்கு. இன்னைக்கே பிடிச்சு அனுப்பணும்."

"எங்க தாத்தா ஓடுறவரு இல்ல அக்கா. எங்க வீட்டுல பஸ்ஸுக்குக்கூட யாரும் ஓட மாட்டோம்."

"நாலு மணிக்கு ஜன்னல் மூடிடும்," என்று சொல்லி, சாப்பாட்டு நேரம் என்ற அட்டையை என் மூக்குக்கு முன் வைத்தார்.

மேலே ஓடினோம். அதாவது, நடந்தோம். மேடம் தன் கணக்கில் விடுதலைப் பதிவேட்டைக் கேட்டார். அதைத் தேடி எடுத்துத் தூசி தட்டி வர கையுறைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தட்டிய தூசியையும் ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதினார்.

மணி இரண்டு ஐம்பது. 416, விடுதலை, கைநாட்டு. அடுத்த பக்கம் 418, விடுதலை, கைநாட்டு.

நடுவில் ஒரு தாள் கிழிந்து, தையலோரம் ஒரு விரல் அகலக் காகிதம் மட்டும் நின்றது.

"போச்சு மேடம். தங்கச்சி பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருக்கா. புதுசா செருப்பு வேற வாங்கியிருக்கா."

"புலம்பாத. இங்க பாரு, கிழிஞ்ச ஓரத்துல பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு."

யாரோ ஒரு சிறை எழுத்தர், பொடி எழுத்தில்: இந்தத் தாளை எடுத்தது 417. மேஜை இப்போது ஆடவில்லை. எச்சரிக்கப்பட்டார்.

அதற்குக் கீழே இன்னொரு வரி: கப்பல் தலைவரின் மேஜையும் ஆடுவதாகப் புகார். 417 கப்பலுக்கு அனுப்பப்பட்டார். வேலை முடிந்ததும் திரும்புவார்.

"கடல் மேல இருக்கிற மேஜை எப்ப ஆடாம நின்னிருக்கு?" என்றார் மேடம். "சரி பண்ணிட்டே இருந்திருப்பாரு, கப்பல் கிளம்பியிருக்கும். உங்க ஊர்ல இறங்கினப்பவும் வேலை முடிஞ்சிருக்காது."

"அதெல்லாம் சரி மேடம். விடுதலைத் தாள் எங்க? நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி கிழிச்ச தாள எங்கன்னு தேடுறது?"

மேடம் என்னையே பார்த்தார். பெட்டி கிடைத்துவிட்டால் அப்படித்தான் பார்ப்பார்.

"நீ ஏன் எப்பவும் நாலாம் நம்பர்லயே உக்காருற?"

"அது ஒண்ணுதான் ஆடாது."

"ஏன் ஆடாது?"

நான் வாயைத் திறந்தேன். அப்படியே குனிந்தேன். இடது பக்கம், பின் காலின் அடியோடு ஒட்டிக்கொண்டு, மரத்தின் நிறத்துக்கே மாறிப்போன ஒரு மடிப்பு. எட்டு மாதமாக என் செருப்பு அதன் மேல்தான் இடித்துக்கொண்டிருந்தது.

மேஜையைப் பிடித்துத் தூக்கப் போனேன். கையுறை பாய்ந்து வந்தார்.

"தொடாதீங்க! தளவாடத்த நகர்த்த மனு குடுக்கணும். பரிசீலிக்க ஆறு வாரம்!"

மேடம் அமைதியாகப் பலகையைக் காட்டினார். "சார், மூணாவது விதியக் கொஞ்சம் படிங்க."

"ஆவணத்தின் மேல் முழங்கை, புத்தகம், குடை என..."

"மேஜை?"

"என்னது?"

"அது சிறைப் பதிவேட்டுத் தாள். நூத்தம்பது வருஷமா ஆவணத்து மேல மேஜைய வெச்சிருக்கீங்க. மேஜை மேல இவன் முழங்கையையும் வெச்சிருக்கான்."

கையுறையின் முகம் கையுறையின் நிறத்துக்கு வந்தது. மேஜையின் மறுமுனையைப் பிடித்தார்.

*

மணி மூன்று நாற்பது. தாளை ஒரு தலையணையில் வைத்து, பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு கையுறை முன்னால் நடக்க, நாங்கள் படியிறங்கினோம். எட்டாய் மடித்த தாள். மூன்றாம் ஜன்னலின் மேஜையில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். கடைசி மடிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அத விட்டுடுவோம். கிழிஞ்சா என் உயிர் போயிடும்," என்றார்.

மூன்றாம் ஜன்னல் வாசித்தார். "417. ஏழு வருடத்தில் ஐந்து கழிந்தது. நன்னடத்தைக்காக மீதி இரண்டு வருடம் மன்னிக்கப்படும். இங்கே கைநாட்டு வைத்தால் விடுதலை." நிமிர்ந்தார். "கைநாட்டு இல்ல."

"வைக்கிறதுக்குள்ள கிழிச்சுட்டாரு அக்கா. மேஜை ஆடியிருக்கு."

"பரவாயில்ல. வாரிசு வைக்கலாம். கட்டம் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"காலிக் கட்டம் இருந்தா எனக்கும் தூக்கம் வராது," என்று கையுறை மைப் பெட்டியை நீட்டினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டைவிரலை மையில் நன்றாக அழுத்தினேன். கப்பல் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். நீங்க ஆரம்பிச்சத நான் முடிச்சு வைக்கிறேன் தாத்தா. விரல் காகிதத்துக்கு ஒரு நூல் உயரத்தில் இருந்தது.

"நில்லு!" மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கடைசி மடிப்பப் பிரிங்க."

"கிழிஞ்சுடும் அம்மா!"

"முப்பத்தொரு வருஷம் கவுன்ட்டர்ல உக்காந்திருக்கேன். அடிவரைக்கும் பாக்காம நான் ஒரு பெட்டிக்கும் கையெழுத்துப் போட விட்டதில்ல. பிரிங்க."

கையுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். அடியில் ஒரே வரி.

விடுதலையானவரை அன்று மாலையே கப்பலேற்றி ஊருக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாம் ஜன்னல் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆமா. இன்னைக்கு வெச்சா இன்னைக்குத்தான் விடுதலை. ஆறு மணிக்கு ஒரு கப்பல் இருக்கு."

நான் கட்டைவிரலை ஆகாயத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். எதன் மேலும் பட்டுவிடக் கூடாதே. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எனக்குக் காரியம் கைகூடிவிட்டது என்று நினைத்துப் பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டினார்கள்.

"வைக்கலன்னா?" என்று கேட்டார் மேடம்.

"வைக்கலன்னா விடுதலை இல்ல. முடிச்சவரோட வாரிசும் இல்ல. தங்க அனுமதி குடுக்க முடியாது."

மணி மூன்று ஐம்பத்தாறு. எனக்கு முழங்கால் இரண்டும் ஆடின. அவற்றுக்கு அடியில் வைக்க யாரிடமும் காகிதம் இல்லை.

மேடம் மட்டும் அசரவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த கிழிந்த ஓரத்தின் நகலை ஜன்னலுக்குள் தள்ளினார். "ரெண்டாவது வரி."

"வேலை முடிந்ததும் திரும்புவார்," என்று மூன்றாம் ஜன்னல் படித்தார். பேனா மூடியைக் கடித்தார். மறுபடியும் படித்தார். "ஓடிப்போகல."

"இல்ல."

"விடுதலையும் ஆகல."

"ஆகல."

"வேலைக்கு வெளிய அனுப்பியிருக்கோம். இன்னும் திரும்பல." ஒரு தடித்த விதிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டினார். "அனுப்பின கைதிக்குப் பதிலா வாரிசு வந்து சேந்தா ஏத்துக்கலாம்னு இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல." என்னை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "மன்னிப்பு செல்லாது. ரெண்டு வருஷம் பாக்கி. தம்பி, உங்களுக்குத் தங்க அனுமதி குடுக்க முடியாது."

"அக்கா..."

"போக அனுமதியும் குடுக்க முடியாது."

முத்திரை விழுந்தது. டொக். மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"ரெண்டு வருஷமா?" என்றேன். "தங்கச்சி படிப்பும் ரெண்டு வருஷம்தான்."

"அது என் ஜன்னல் இல்ல. ஆனா கைதிக்கு முகவரி உண்டு. அரசாங்க முகவரி. அதவிட உறுதியான முகவரி கிடையாது."

மேடம் என் முதுகில் தட்டினார். "வாழ்த்துகள், நானூத்திப் பதினேழு. ராத்திரி வீட்டுக்குப் போகலாமா, கம்பிக்குள்ளயா?"

"சிறைய இடிச்சு எழுபது வருஷம் ஆச்சு," என்றார் மூன்றாம் ஜன்னல். "தளவாடம் மட்டும்தான் மிச்சம். அதனால வேலை நேரத்துல தளவாடத்தோட இருந்தாப் போதும். ரெண்டு வருஷமும் படிப்பறைத் தச்சு வேலை."

"எனக்கு ஆணி அடிக்கத் தெரியாதே!"

"உங்க தாத்தாவுக்கும் தாள் மடிக்கத்தான் தெரிஞ்சிருக்கு," என்றார் மேடம்.

"தாள் மடிக்கவே கூடாது!" என்றார் கையுறை. அந்த ரகசியம் தெருவரை கேட்டது.

அதனால்தான் இந்த நான்காம் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அடியில் இருந்த தாள் போன பிறகு இதுவும் ஆடுகிறது. மொத்தம் ஆறு. திங்கட்கிழமை சுத்தியல் தருவார்கள்.

இனி என் வேண்டுகோள். கோப்பைத் திறக்க அசல் தகடு வேண்டும். ஒரு மாதம் கெடு கொடுத்திருக்கிறார்கள். இதைப் படிப்பது வீட்டில் யாராக இருந்தாலும், கூடத்துச் சுவரிலிருந்து பதக்கத்தை இறக்கித் தங்கை வரும்போது அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள். தபாலில் வேண்டாம். அம்மா, பல்பொடி போட்டுத் துலக்கவும் வேண்டாம். நீங்கள் வாராவாரம் துலக்கியதில் 4 தேய்ந்து பாதி 1 ஆகிவிட்டது. 117 யார் என்று மேடம் பார்த்துவிட்டார். அவருக்கு ஆயுள் தண்டனை.

அழுக்கோடு அனுப்புங்கள்.